நோலீன் ஸ்காட்டைத் தேடிய இரண்டு வருடம்

தன்னைப் பெற்றவளைப் பற்றி டேரில் பல வருடங்களில் என்னிடம் பேசியது மொத்தமே இரண்டு முறைதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, "நான் தத்துப்பிள்ளை, தெரிஞ்சுக்கோ" என்று சொன்னான். இன்னொரு முறை, ரத்தக்கொதிப்பு என்று டாக்டரிடம் போயிருந்தோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எந்த டாக்டர் கேட்டாலும் எனக்கு இதே பதில்தான், க்ளென்" என்றான். பிறகு வண்டியை எடுத்தான்.

அவன் பேசாததற்குக் காரணம் என் மாமியார் யூனிஸ். பிறந்து பத்தாம் நாள் அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். தத்து என்ற சொல் டிவியில் வந்தால்கூடத் தேநீர் போடப் போகிறேன் என்று எழுந்துவிடுவார். எண்பத்தாறில் புதுச் சட்டம் வந்தது. தத்துப்போனவர்கள் தங்கள் முதல் பிறப்புச் சான்றிதழை எழுதிக் கேட்டு வாங்கலாம் என்று செய்தியில் சொன்னார்கள். அன்று அவர் எழுந்திருக்கவில்லை. பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்துவிட்டு, "நீ எழுதப் போறியாப்பா?" என்று கேட்டார்.

"பால் வண்டி ஓட்டறவனுக்கு எத்தனை சர்ட்டிபிகேட்டும்மா வேணும்? ஒண்ணு போதும்" என்றான் டேரில். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைப் பார்த்தபிறகு, அவர் இருக்கும்வரை அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் யூனிஸ் காலமானார். ஜூனில் டேரில் விண்ணப்பம் எழுதினான். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னான்.

ஆகஸ்டில் அரசாங்க ஆலோசகர் ஒருத்தி வீட்டுக்கே வந்து சான்றிதழைக் கையில் கொடுத்தாள். அம்மா பெயர் நோலீன் ஸ்காட். வயது பதினெட்டு. பிறந்த ஊர் என்ற இடம் காலி. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கூடவே தட்டச்சு செய்த ஒரு துண்டுக் காகிதம்: வெளியூர்ப் பெண், நல்ல உடல்நலம், ஹாக்கி ஆடுவாள், அமைதியானவள்.

"அவங்க மறுப்பு எதுவும் எழுதிக் கொடுக்கல. கொடுத்திருந்தா இந்தப் பேர்கூட உங்க கைக்கு வந்திருக்காது" என்றாள் ஆலோசகர்.

அவள் போனபின் டேரில் அந்தத் துண்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாக்கி ஆடுவாள். முப்பத்தேழு வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் செய்தி அது.

மறுநாளே எங்கள் ஊரான கோரில் இருக்கும் நூலகத்துக்குப் போய்விட்டு வந்தான். நாடு முழுவதற்குமான தொலைபேசிப் புத்தகங்கள் பதினெட்டும் அங்கே அடுக்கியிருந்தன. "ஸ்காட்னு போட்டு 'என்'ங்கற எழுத்து இனிஷியலா இருக்கறவங்க ஒரு நூறு பேர் வருவாங்க க்ளென். தினம் அஞ்சு பேருக்குப் போட்டாலும் ஒரு மாசத்துல முடிஞ்சிடும்" என்றான்.

இதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"அவளுக்கு இப்ப அம்பத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகி என்னிக்கோ பேர் மாறியிருக்கும். என்.ஸ்காட்னு இருக்கறவன் எல்லாம் நார்மன், நெவில், நைஜல். நூறு ஆம்பளைங்களுக்குப் போன் போட்டு, நீங்க எங்கம்மாவான்னு கேக்கப் போறியா? எதையும் முறையா செய்வோம்."

டேரில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கோப்பு, பட்டியல், தேதி, எல்லாம் எனக்கு அத்துப்படி. வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன். திருமணப் பதிவேடுகளை வருடம் வருடமாகப் புரட்டினேன். ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் நோலீன் ஸ்காட் என்ற பெயரில் ஏழு கல்யாணங்கள். ஏழு பேருக்கும் கல்யாணத்தோடு வேறு பெயர் வந்திருந்தது. ஒவ்வொருத்தியாகத் தேடினோம். குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் நேராகக் கேட்க முடியாது. பழைய ஹாக்கி குழுவினரை ஒன்றுசேர்க்கிறோம் என்று ஒரு கதை கட்டினோம். ஹாக்கி மட்டையையே தொட்டதில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தியின் கணவர் போலீசுக்குப் போவதாக மிரட்டினார். திமாருவில் இருந்த ஒருத்தி மட்டும் விஷயத்தைப் புரிந்துகொண்டு கடிதம் எழுதினாள். தான் அந்த நோலீன் இல்லை என்றும், டேரிலின் கடிதத்தைப் படித்தபோது அது தானாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் தோன்றியது என்றும் எழுதியிருந்தாள். டேரில் அந்தக் கடிதத்தை யூனிஸின் பைபிளுக்குள் வைத்துக்கொண்டான்.

இன்னொருத்தி எழுபத்தொன்றிலேயே இறந்துபோயிருந்தாள். அவளுடைய வயது பொருந்துகிற மாதிரி இருந்தது. மூன்று வாரம் டேரில் அவளுக்காகத் துக்கம் அனுசரித்தான். அவள் பிறந்த தேதி வந்து, அவனைப் பெற்றவள் அவளில்லை என்று தெரிந்தபோது அவனுக்கு வந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று முழுக்கத் தோட்டத்து வேலியைப் பிடுங்கித் திரும்ப நட்டான்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அவனிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடைத்தெருவில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுப் பெண் யாராவது எதிரே வந்தால் நடை தளர்ந்துவிடும். வாழ்நாளில் ஹாக்கி பார்த்திராதவன், சனிக்கிழமைகளில் பெண்கள் ஆடும் மைதானத்துக்குப் போய் வேலியோரம் நிற்க ஆரம்பித்தான். ஆடுவதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவன் பார்த்தது, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு மகளுக்காக வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை. ஒருநாள் அழைத்துவரப் போன நானே அதைக் கண்டேன். கூப்பிடாமல் காரிலேயே காத்திருந்தேன்.

தொண்ணூற்றுநான்கு செப்டம்பரில், ஏழாவது நோலீனும் இல்லை என்று ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை மதியம் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டேரில் கூடத்தில் தரையில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். என்.ஸ்காட் எல்லோரையும் எனக்குத் தெரியாமல் நூலகத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். நான் அடுத்த சட்டையை எடுத்து விரித்தேன்.

முதல் ஆள் நார்மன். இரண்டாவது நான்சி, காது கேட்காது. மூன்றாவது ஆள் நெவில். "நோலீனா? எனக்கு மீசை இருக்குப்பா. இருந்தாலும் கேட்டதுக்கு நன்றி" என்று அவர் சிரித்தது இஸ்திரி மேசைவரை கேட்டது. டேரிலும் சிரித்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இப்படிப் பத்துப் பேர். பதினோராவது எண் வெஸ்ட்போர்ட். எங்கள் தெற்குத் தீவின் இன்னொரு மூலை, மழையும் நிலக்கரியும் உள்ள ஊர்.

எடுத்தது வயதான ஆண்குரல். எனக்கும் கேட்கட்டும் என்று டேரில் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"நோலீன் ஸ்காட் இருக்காங்களா சார்?"

"இல்லை. யார் பேசறது?"

"சவுத்லேண்ட்லேர்ந்து பேசறேன். பழைய ஹாக்கி டீம்ல இருந்தவங்களை எல்லாம்..."

"ஹாக்கியை விடு தம்பி. உன் பொறந்தநாள் என்னிக்கு?"

டேரில் என்னைப் பார்த்தான். "ஆகஸ்ட் பதினாலு."

"வருஷம்?"

"அம்பத்தஞ்சு."

"கொஞ்சம் இரு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கறேன்."

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். "நான் அவ புருஷன். கிளாரின்னு கூப்பிடுவாங்க. தம்பி, அவ போயிட்டா. போன வருஷம் ஜூலைல. நீ போனை வச்சிடாத, சரியா? நான் பேசிக்கிட்டே இருக்கேன். வச்சிடாத."

டேரில் வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். போன வருடம் ஜூலை. பிறப்புச் சான்றிதழ் எங்கள் கைக்கு வந்தது அதற்கு முந்தைய ஆகஸ்ட். பதினொரு மாதம். தினம் ஐந்து பேருக்கு என்று அவன் சொன்ன கணக்குப்படி போயிருந்தால் மூன்றாம் நாளே வெஸ்ட்போர்ட் வந்திருக்கும்.

அக்டோபரில் இருவரும் வெஸ்ட்போர்ட் போனோம். வழியில் ஒருநாள் தங்கி, மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. குள்ளமான ஒரு மனிதர் ரப்பர் பூட்ஸோடு கேட்டருகே நனைந்துகொண்டு நின்றிருந்தார். டேரில் காரைவிட்டு இறங்கி அவரை நோக்கி நடந்தான். பாதி தூரம் வருவதற்குள் கிளாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. அதே நடை" என்றார்.

ஆற்றில் அப்போதுதான் பொடிமீன் ஏறிக்கொண்டிருந்தது. முட்டையில் அடித்து அடையாகச் சுட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நோலீன் பதினெட்டு வயதில் இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். வயிறு தெரிவதற்குள் அவளுடைய அம்மா அவளைத் தெற்கே ஒரு பண்ணைக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பிரசவத்தின்போது அவள் குழந்தையைப் பார்த்துவிடாமல் குறுக்கே துணி பிடித்தார்கள். துணிக்குக் கீழே ஒரு பாதம் மட்டும் தெரிந்ததாம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினாள். அப்பா யார் என்று அவள் சொல்லவில்லை, நிலக்கரிக் கப்பலில் வந்தவன் என்பதைத் தவிர. கிளாரியும் கேட்கவில்லை.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டா" என்றார் கிளாரி. "ஒரே ஒரு நிபந்தனை போட்டா. வீட்டு போன் அவ பேர்ல, பழைய பேர்லயேதான் இருக்கணும்னு. அவ நெஜப் பேரு ஈடித். ஈடித் நோலீன். ஆனா ஆஸ்பத்திரியில வெறும் நோலீன் ஸ்காட்னுதான் எழுதியிருந்தாங்களாம். அதான் புஸ்தகத்துலயும் அப்படியே இருக்கணும்னா. எக்ஸ்சேஞ்சுல இருந்தவ இல்லியா, ஒருத்தரை எப்படித் தேடுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷமா இந்த ஊர்ல என்னை மிஸ்டர் ஸ்காட்னுதான் கிண்டல் பண்ணுவாங்க. அவ போனப்புறமும் நான் மாத்தல."

பதிவேட்டில் ஏழு பேரையும் கண்டுபிடித்த நான் ஏன் இவளைக் கண்டுபிடிக்கவில்லை என்று அப்போது புரிந்தது. அவள் கல்யாணம் ஈடித் என்ற பெயரில் பதிவாகியிருந்தது.

"அவங்க என்னைத் தேடியிருக்கலாமே" என்றான் டேரில். அதில் குற்றச்சாட்டு இல்லை. அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

"உன்னைத் தேடறதுக்கான விண்ணப்ப ஃபாரத்தை மூணு தடவை வாங்கிட்டு வந்தா. எழுதி எழுதி அனுப்பாமலே வச்சிடுவா. கொடுத்துட்டு வந்தவ நான், கதவைத் தட்ட எனக்கு என்ன உரிமை இருக்குன்னு சொல்லுவா. அவனுக்கு ஒரு அம்மா இருப்பா, அவ மனசு என்ன ஆகும்னு கேப்பா."

டேரில் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தான். அந்த அம்மாவின் மனசை நினைத்துத்தானே அவனும் ஆறு வருடம் எழுதாமல் இருந்தான்.

நான்கு மணிக்கு ரெய்லின் வந்தாள். கிளாரிக்கும் நோலீனுக்கும் ஒரே மகள், முப்பத்திரண்டு வயது. கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்னு அம்மா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எனக்குத் தெரியும். அதனால நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், உங்க மேல இல்ல" என்றாள். பிறகு அவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். "இந்தத் தாடையை எனக்குத் தெரியும். தினம் காலையில கண்ணாடியில பாக்கறேன்."

டேரில் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தன் சாயலில் இன்னொரு முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பிள்ளைகளும் கிடையாது. அவன் வெட்கமே இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்க்கவிட்டாள்.

மறுநாள் கல்லறைக்குப் போய்விட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். இதற்குமேல் என்னால் அடக்கி வைக்க முடியவில்லை.

"டேரில், அந்தப் பதினொரு மாசம்..."

"தெரியும். கிளாரி ஜூலைன்னு சொன்னப்பவே எண்ணிட்டேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்லச் சொல்ற? நீ சொன்னப்ப நானும்தானே சிரிச்சேன்." கொஞ்ச தூரம் நடந்தோம். கடலைப் பார்த்தபடி சொன்னான்: "ஆனா க்ளென், கொஞ்ச நாள் நான் இங்கயே இருக்கேன். நீ ஊருக்குப் போ."

எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் தனியாகக் கோருக்குத் திரும்பினேன். வீட்டில் அவனுடைய நோட்டுப் புத்தகம் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பதினோராவது பெயருக்குக் கீழே இன்னும் எண்பது பெயர்கள், எல்லாம் அவனுடைய கோணல் எழுத்தில். பள்ளிக்கூடத்தில் யாராவது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டால், கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுக் கோப்பு எடுக்க உள்ளே போய்விடுவேன்.

ஞாயிறுதோறும் டேரில் போன் செய்தான். எவ்வளவு மீன் பிடித்தார்கள், ஆறு எவ்வளவு உயர்ந்தது என்று சொல்வான். நடுநடுவே நோலீனைப் பற்றி ஏதாவது ஒன்று வரும். அவள் இடதுகைக்காரி. காபி குடிக்க மாட்டாள். கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். ஒவ்வொன்றையும் கீழே விழுந்துவிடாமல் ஏந்திக்கொண்டு வருபவனைப் போலச் சொல்லுவான்.

பொடிமீன் பருவம் முடிந்து நவம்பர் நடுவில் திரும்பி வந்தான். ஆற்று வாடையோடு கூடத்தில் நின்று, தோட்டத்து உருளைக்கிழங்கு முளைத்துவிட்டதா என்று கேட்டான். முளைத்துவிட்டது என்றேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் அதை அவனிடம் கேட்டு வாங்கவில்லை. மறுநாள் பால் வண்டி எடுக்கப் போனான். ஒரு மாதம் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது என் தோளில் தன் தாடையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

அடுத்த அக்டோபரில் நானும் கூடப் போனேன். கிளாரியும் டேரிலும் விடிந்ததும் வலையோடு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். ரெய்லினும் நானும் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்நாளே அவன் போன் போடுவதாகச் சொன்னது, நான் தடுத்தது, நார்மன், நெவில், நைஜல் என்று கேலி செய்தது, எல்லாமே. அவள் கையில் இருந்த கிழங்கை முழுக்க உரித்துத் தண்ணீரில் போட்டாள்.

"அம்மா எடுத்திருப்பாங்க" என்றாள். "கடைசி மாசம் வரைக்கும் போன் மணி அடிச்சா அவங்கதான் எழுந்து போவாங்க. நானோ அப்பாவோ எடுத்தா அவங்களுக்குப் பிடிக்காது. ஏன்னு எனக்கு அப்ப தெரியாது, கத்துவேன்."

அவள் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கிழங்கை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டாள். நாங்கள் இருவரும் உரித்துக்கொண்டே இருந்தோம்.

பதினொரு மணிக்கு மழை விட்டது. ஜன்னல் வழியே அவர்கள் இருவரும் பாதையில் வருவது தெரிந்தது. கிளாரி வாளியைத் தூக்கிக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். டேரில் அவரைவிட ஒன்றரை அடி உயரம். ஒரு வார்த்தையையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தலையைத் தாழ்த்தி, காதை அவர் பக்கம் சாய்த்து நடந்தான். கேட்டருகே வந்ததும் கிளாரி வாளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். டேரில் கேட்டைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம்?" என்று அவன் கேட்டது எங்களுக்குக் கேட்டது. "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"